வோல்ட்டை ஆம்பால் வகுத்தால் வருவது எதன் தடை?

தமிழ்நாடு-கேரள எல்லையில் கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் என்று எந்தச் சோதனைச்சாவடியைத் தாண்டினாலும் காட்சி பெரிதாக மாறுவதில்லை. தென்னந்தோப்பு, நடுவில் ஒரு மோட்டார் ரூம், உள்ளே சுவரில் பேனல் பெட்டி. பெட்டி முகப்பில் இரண்டு மீட்டர்: ஒன்று வோல்ட், ஒன்று ஆம்ப். இந்தப் பக்கம் ஈபி, அந்தப் பக்கம் கேஎஸ்இபி. அதைத் தவிர எல்லாம் ஒன்றுதான். ஸ்டார்ட்டரை அமுக்கியதும் அந்த இரண்டு முள்ளையும் பார்க்காத விவசாயி கிடையாது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறவர்தான் குறைவு.

கணக்கு பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருப்பதுதான். வோல்ட்டை (மின்னழுத்தம்) ஆம்பால் (மின்னோட்டம்) வகுத்தால் ஓம், அதாவது மின்தடை. வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கினால் வாட், அதாவது சக்தி. இந்த இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டால் இன்னும் இரண்டு வழி கிடைக்கும்: ஆம்பின் வர்க்கத்தை ஓமால் பெருக்கினாலும் வாட், வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தாலும் வாட். மனப்பாடம் செய்ய இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். எந்த இரண்டு எண்ணைக் கொடுத்தாலும் கால்குலேட்டர் வகுத்துக் கொடுத்துவிடும். வந்த விடை ஹீட்டருக்கு ஒரு பொருள், மோட்டாருக்கு வேறு பொருள், ஒயருக்கு இன்னொரு பொருள், சோலார் பேனலுக்குப் பொருளே இல்லை. கணக்கில் தப்பு செய்கிறவர்கள் வகுத்தலில் தப்பு செய்வதில்லை. எதை எதால் வகுக்கிறோம், எந்த இரண்டு முனைக்கு நடுவில் அளந்தோம் என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

சுலபமானதிலிருந்து தொடங்கலாம். வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடு, மேலே 1500 வாட், 230 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். 1500-ஐ 230-ஆல் வகுத்தால் 6.52 ஆம்ப். 230-ஐ 6.52-ஆல் வகுத்தால் 35.3 ஓம். உள்ளே இருப்பது நிக்ரோம் கம்பி. சூடானாலும் அதன் தடை சில சதவீதம்தான் ஏறும். ஆகவே இந்த 35.3 ஓமை ராடுடைய நிலையான குணம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது லைன் கடைசியில் இருக்கும் வீட்டில் சாயங்காலம் 190 வோல்ட் வருகிறது என்று வைப்போம். ஆம்ப் 190 ÷ 35.3, அதாவது 5.4-க்கும் கொஞ்சம் கீழே. வாட் 190 × 190 ÷ 35.3, சுமார் 1023. வோல்டேஜ் 17 சதவீதம்தான் குறைந்தது, சூடு 32 சதவீதம் போய்விட்டது. வர்க்கம் செய்யும் வேலை இது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுபோக 230 வோல்ட்டில் 14 நிமிஷம், 190-ல் இருபது நிமிஷத்துக்கும் கொஞ்சம் மேல். வாளி வழியே வெளியேறும் சூட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன். ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது: இரண்டிலும் ஓடும் யூனிட் ஏறத்தாழ 0.35 தான். வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டருக்குக் கரண்ட் பில் ஏறும் என்று சொல்வதில் உண்மை இல்லை. நேரம்தான் ஏறும்.

குண்டு பல்பு ஹீட்டரின் தம்பிதான், ஆனால் குணம் வேறு. 100 வாட் பல்புக்குக் கணக்குப்படி 529 ஓம் வர வேண்டும். கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 40 ஓம் பக்கத்தில் காட்டும். மீட்டரும் தப்பில்லை, கணக்கும் தப்பில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை இரண்டாயிரத்துச் சொச்சம் டிகிரிக்குப் போகிறது, தடை பன்னிரண்டு பதின்மூன்று மடங்கு ஏறுகிறது. மீட்டர் அளந்தது குளிர்ந்த இழையை. சுவிட்ச் போடும் நொடியில் பல்பு பட்டென்று போவதும் இதனால்தான்: அந்த முதல் கணத்தில் 230-ஐ 40-ஆல் வகுத்த 5.75 ஆம்ப் வரை பாய்கிறது, எரியும்போது அரை ஆம்ப்கூட இல்லை.

ஆக, ஓம் மீட்டர் காட்டும் எண் ஒன்று, ஓடும்போது வோல்ட்டும் ஆம்பும் அளந்து வகுத்தால் வரும் எண் ஒன்று. சக்தி கணக்குக்கு இரண்டாவதுதான் உதவும். முதலாவது வேறு வேலைக்கு: கம்பி அறுந்திருக்கிறதா, காயில் ஷார்ட்டா என்று பார்க்க.

ஒரே நேரத்தில் அளப்பது என்பதும் சின்ன விஷயம் இல்லை. கியோர்க் ஓம் தன் விதியைத் தேடி சோதனை செய்தபோது அவரிடம் இருந்த பேட்டரிகள் அளந்துகொண்டிருக்கும்போதே வலு இழந்தன, எண்கள் நிலைக்கவில்லை. பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மின்னழுத்தம் எடுத்த பிறகே கணக்கு ஒழுங்காக வந்தது. புத்தகமாக 1827-ல் வெளியிட்டார். நம் லைனும் அந்தப் பழைய பேட்டரி மாதிரித்தான். பக்கத்துத் தோப்பில் மோட்டார் போட்டால் பத்து வோல்ட் இறங்கும். காலையில் அளந்த வோல்ட்டையும் சாயங்காலம் அளந்த ஆம்பையும் வகுத்தால் வருவது எதன் தடையும் இல்லை. வோல்ட் மீட்டரின் இரண்டு முனையும் எந்தப் பொருளைப் பார்க்கிறோமோ அதன் டெர்மினலில் இருக்க வேண்டும், கிளாம்ப் (ஒயரைக் கவ்வி ஆம்ப் காட்டும் மீட்டர்) அதே பொருளுக்குப் போகும் ஒயரில் இருக்க வேண்டும், இரண்டையும் ஒரே கணத்தில் படிக்க வேண்டும். ஆள் இரண்டு இருந்தால் நல்லது.

மீட்டர் பிடிப்பதில் வழக்கமாக நடக்கும் தப்புகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். கிளாம்ப் மீட்டரை ஒரு ஒயரில் மட்டும் மாட்ட வேண்டும். பேஸும் நியூட்ரலும் சேர்ந்த கேபிளை அப்படியே கவ்வினால் போவதும் வருவதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மீட்டர் பூஜ்யம் காட்டும். அரை ஆம்புக்குக் கீழே அளக்க வேண்டுமென்றால் ஒயரைக் கவ்வுக்குள் பத்துச் சுற்று சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுக்கலாம். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை ஆம்ப் ஓட்டையில் மாட்டி, மறந்துபோய் அப்படியே பிளக் பாயின்ட்டில் குத்துவதுதான் மிகவும் ஆபத்தான தப்பு. அந்த நிலையில் மீட்டரின் உள்தடை ஓமில் நூறில் ஒரு பங்கு அளவுதான், நேரடி ஷார்ட். உள்ளே தரமான ஃப்யூஸ் இருந்தால் ஃப்யூஸோடு போகும். இல்லாவிட்டால் மீட்டர் கையில் வெடிக்கும். பேனல் பெட்டியில் அளக்கிறவர்கள் கேட் 3 (மீட்டரின் பாதுகாப்பு வகை), 600 வோல்ட் என்று முகத்தில் எழுதிய மீட்டர் வைத்திருப்பது நல்லது. ஓம் அளக்கும்போது மெயின் ஆஃப், பொருளின் ஒரு முனையாவது கழற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்தில் இணையாக இருப்பதெல்லாம் சேர்ந்து எண்ணைக் குறைத்துக் காட்டும். குறைந்த ஓம் அளந்தால், முதலில் மீட்டரின் இரண்டு ஊசியையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் 0.2, 0.3 ஓமைக் கழிக்க வேண்டும்.

பேனல் பெட்டியின் முள் மீட்டரை நம்பிக் கணக்குப் போடுவதிலும் ஒரு வரம்பு உண்டு. 30 ஆம்ப் வரை போகும் மீட்டரில் தொடக்கத்தில் கோடுகள் நெருக்கிப் போட்டிருக்கும். 7-க்கும் 8-க்கும் நடுவே கண் எங்கே நிற்கிறது என்பதே ஆளுக்கு ஆள் மாறும். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கத்தான். ஓம் கணக்குக்கு கிளாம்ப் மீட்டர் வேண்டும்.

மோட்டாருக்கு வந்தால் கதை மாறுகிறது. கிணற்றடியில் அடிக்கடி கேட்கும் கேள்வி: “ஏனுங்க, வோல்டேஜ் கம்மியானா ஆம்ஸும் கம்மியாத்தானே ஆகோணும்? இங்க முள்ளு மேல ஏறுதே?” எலக்ட்ரீசியன் சொல்லும் பதில்: “அது அயர்ன் பாக்ஸுக்குங்க. மோட்டாருக்கு தண்ணி தூக்கற வேலை குறையலீங்களே. வோல்ட்டுல கெடைக்காதத ஆம்ஸுல எடுத்துக்குது.” இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

எண்ணில் பார்த்தால் 5 ஹெச்பி சப்மெர்சிபிள், மூன்று பேஸ், 415 வோல்ட், 8.5 ஆம்ப், பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கிய எண்ணில் உண்மையான வாட்டாக மாறும் பங்கு) 0.82 என்று வைப்போம். மூன்று பேஸில் வாட் கணக்கு 1.732 × வோல்ட் × ஆம்ப் × பவர் ஃபேக்டர். பெருக்கினால் சுமார் 5010 வாட். 5 ஹெச்பி என்பது தண்டில் வெளிவரும் 3.7 கிலோவாட், உள்ளே போவது இது. வோல்டேஜ் 360-க்கு இறங்கினால், அதே தண்ணீரை அதே உயரத்துக்குத் தூக்க ஆம்ப் 9.8 பக்கம் ஏற வேண்டும். காயிலில் உண்டாகும் சூடு ஆம்பின் வர்க்கத்தைப் பொறுத்தது: 9.8-ஐ 8.5-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.33. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சூடு. ஓவர்லோடு ரிலேயை “ட்ரிப் ஆகிக்கிட்டே இருக்குதுங்க” என்று 12-க்குத் திருகி வைத்தால் என்ன நடக்கும் என்பது இதிலேயே இருக்கிறது. மோட்டாரைக் காப்பாற்ற இருந்த ஒரே ஆளைத் தூங்க வைத்தாயிற்று.

சரி, மோட்டாரில் வோல்ட்டை ஆம்பால் வகுத்தால்? சிங்கிள் பேஸ் 1.5 ஹெச்பி, 230 வோல்ட், 10 ஆம்ப்: விடை 23 ஓம். அதே மோட்டாரை நிறுத்திவிட்டு ரன்னிங் காயிலை மல்டிமீட்டரில் அளந்தால் 3 ஓம் மாதிரிதான் இருக்கும். இந்த 3 ஓமை வைத்து வோல்ட்டின் வர்க்கத்தை வகுத்தால் 17 கிலோவாட்டுக்கு மேல் வரும். ஒன்றரை ஹெச்பிக்கு இது நடக்காத காரியம். காரணம், ஓடும் மோட்டாரில் ஆம்பைத் தடுப்பது கம்பியின் தடை மட்டும் இல்லை. காயிலின் காந்தப் புலமும், சுழலும் ரோட்டாரும் சேர்ந்து எதிர் மின்னழுத்தம் உண்டாக்குகின்றன. 23 என்பது இவை எல்லாம் கூடிய மொத்த மறிப்பு. ஓம் என்ற அலகு இருப்பதால் அதை மின்தடை என்று நினைத்து ஆம்பின் வர்க்கத்தால் பெருக்கினால் சூட்டுக் கணக்குத் தப்பாகிவிடும். காயில் சூட்டுக்கு 3 ஓம்தான் சரி: 10 × 10 × 3, அதாவது 300 வாட். மிச்சம் தண்ணீருக்கும், இரும்புக்கும், உராய்வுக்கும் போகிறது.

அந்த 3 ஓமுக்கு இன்னொரு நல்ல பயன் இருக்கிறது. செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். ஆகவே காயில் தானே ஒரு தெர்மாமீட்டர். மேலே இருக்கும் மோனோபிளாக் மோட்டாரைக் காலையில், ஓட்டுவதற்கு முன் அளந்து 3.00 ஓம், அப்போது வெயில் 30 டிகிரி என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்தி, மெயினை ஆஃப் செய்து, உடனே அளந்தால் 3.60. விகிதம் 1.2. முதல் வெப்பநிலையோடு 234.5-ஐக் கூட்டி 1.2-ஆல் பெருக்கி, மறுபடி 234.5-ஐக் கழித்தால் 83 டிகிரி. உள்ளே கை விட முடியாத இடத்தின் சூடு கிடைத்துவிட்டது. இதற்குப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் மீட்டர் தேவை. ஊசித் தடையைக் கழிக்க மறந்தால் விடை அங்கே இங்கே போகும்.

மூன்று பேஸ் மோட்டாரில் காயில் ஓமின் அளவைவிட சமநிலைதான் முக்கியம். மூன்று காயிலையும் தனித்தனியே அளந்து 4.1, 4.1, 4.2 என்றால் நிம்மதி. 4.1, 4.2, 3.1 என்றால் ஒரு காயிலில் சுற்றுகள் ஒட்டத் தொடங்கியிருக்கின்றன. போர்வெல் மோட்டாரை மேலே பேனலில் இருந்து அளக்கும்போது கேபிளின் தடையும் சேர்ந்தே வரும் என்பதை மறக்கக்கூடாது. 150 மீட்டர் ஆழத்துக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கேபிள் என்றால் அது மட்டுமே 2.4 ஓம். காயில் 3, மீட்டர் காட்டுவது 5.4.

பவர் ஃபேக்டர் தெரியாமல் சிங்கிள் பேஸ் மோட்டாரின் உண்மையான வாட்டைக் கண்டுபிடிக்க வாட் மீட்டர் வாங்க வேண்டியதில்லை. வீட்டு மின்கணக்கி போதும். அதன் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்பது மாதிரி ஒரு எண் இருக்கும், பக்கத்தில் சிவப்பு எல்இடி மின்னும். எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் மீட்டரில் இருப்பதை எடுங்கள். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டி, பத்து மின்னலுக்கு எத்தனை விநாடி என்று போனில் பாருங்கள். முதல் மின்னலைப் பூஜ்யம் என்று எண்ண வேண்டும், ஒன்று என்று எண்ணினால் பத்து சதவீதம் தப்பு. 7 விநாடி என்றால்: 36 லட்சத்தைப் பத்தால் பெருக்கி, 3200-ஆலும் 7-ஆலும் வகுக்க, 1607 வாட். அதே நேரம் வோல்ட் 212, ஆம்ப் 9.4. பெருக்கினால் 1993. 1607-ஐ 1993-ஆல் வகுத்தால் பவர் ஃபேக்டர் 0.81. ஓடும் மோட்டாருக்கு நியாயமான எண்தான். 0.5, 0.6 என்று வந்தால் மோட்டார் பாதிச் சுமையில் ஓடுகிறது, அல்லது ரன்னிங் கெப்பாசிட்டர் செத்துவிட்டது.

சோலார் பேனலைப் பற்றி ஒரு வரி. பேனலின் பின்னால் திறந்த வோல்ட் 50, ஷார்ட் ஆம்ப் 14 என்று எழுதியிருப்பதைப் பெருக்கி, “700 வாட் பேனல், 550 என்று குறைத்து விற்கிறார்கள்” என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்த 50 வோல்ட் ஆம்பே பாயாதபோது வருவது, அந்த 14 ஆம்ப் வோல்ட்டே இல்லாதபோது வருவது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. 42 வோல்ட்டும் 13 ஆம்பும் சேர்ந்து கிடைக்கும் இடத்தில்தான் அதன் உச்சம்.

இனி லைன். இந்தக் கணக்கு முழுதும் உண்மையில் வேலைக்கு வரும் இடம் இதுதான், எல்லையோரத் தோப்புகளுக்கு இதைவிட அவசியமானது வேறில்லை. டிரான்ஸ்ஃபார்மர் ஒரு முனையில், தோப்பு மறுமுனையில். கேரளப் பக்கத்து எருத்தேம்பதி, வடகரப்பதி எல்லாம் மழை மறைவுப் பகுதி, தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டது. பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்து நிலத்தடி நீர் 2017 மதிப்பீட்டில் அளவுக்கு மீறி எடுக்கப்பட்ட பட்டியலில் இருந்தது. ஆழம் கூடக் கூட ஹெச்பி கூடும், கேபிள் நீளும், ஆம்ப் கூடும். எல்லாம் ஒயர் தடையின் தலையில் வந்து விழும்.

ஒயரின் தடையை ஓம் மீட்டரால் அளக்க முடியாது, இரண்டு முனையும் இரண்டு இடத்தில் இருக்கின்றன, லைனை அணைக்கவும் முடியாது. ஆனால் வோல்ட்டும் ஆம்பும் சொல்லிவிடும். எல்லாவற்றையும் ஆஃப் செய்து பிளக் பாயின்ட்டில் வோல்ட் பாருங்கள்: 234. அதே இரட்டை பிளக்கில் 1500 வாட் ராடைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஆன் செய்து, பத்து விநாடிக்குள் மறுபடி பாருங்கள்: 218. ஆம்ப் 6.18. இறங்கிய 16 வோல்ட்டை 6.18-ஆல் வகுத்தால் 2.59 ஓம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அந்த பிளக் வரை போய்த் திரும்பி வரும் பாதையின் மொத்தத் தடை இது. இங்கே வகுக்க வேண்டியது இறங்கிய வோல்ட்டை மட்டும்தான். 218-ஐ வகுத்தால் ராடின் 35.3 வரும், 234-ஐ வகுத்தால் இரண்டும் கூடிய எண் வரும். ஒரே ஆம்ப், மூன்று விதமான வோல்ட், மூன்று விதமான ஓம்.

மூன்று நான்கு முறை ஆன், ஆஃப் செய்து பார்க்க வேண்டும். நடுவில் யாராவது மோட்டார் போட்டிருந்தால் ஒரு முறை 16, ஒரு முறை 23 என்று வரும். நான்கில் மூன்று ஒத்துப்போனால் அதை எடுங்கள். மீட்டர் ஒன்றிரண்டு சதவீதம் தப்பாகக் காட்டினாலும் இரண்டு முறையும் ஒரே மாதிரித் தப்பாகவே காட்டும் என்பதால் வித்தியாசம் பெரிதாகக் கெடாது. அதற்காகவே இரண்டு அளவையும் ஒரே மீட்டரில் எடுக்க வேண்டும்.

2.59 ஓம் கையில் இருந்தால் பல கேள்விக்கு மோட்டார் வாங்குவதற்கு முன்பே விடை கிடைக்கும். இந்த பாயின்ட்டில் 10 ஆம்ப் எடுக்கும் மோட்டாரை ஓட்டினால் சுமார் 26 வோல்ட் இறங்கும், மோட்டாருக்கு 208. ஓடும். ஆனால் கிளம்புமா? நின்ற நிலையில் அந்த மோட்டார் 230 வோல்ட்டில் 50 ஆம்ப் கேட்கும் ரகம் என்றால் அதன் அப்போதைய மறிப்பு 4.6 ஓம். லைனின் 2.59-உடன் கூட்டினால் 7.19. 234-ஐ இதால் வகுத்தால் 32.5 ஆம்ப்தான் வரும், மோட்டார் முனையில் நிற்பது 150 வோல்ட். மோட்டாரின் முறுக்கு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, 150-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.43 பக்கம். பாதிகூட இல்லை. மோட்டார் கிளம்பாமல் “ம்ம்ம்” என்று இழுத்துக்கொண்டு நிற்பதற்கும், கெப்பாசிட்டர் மாற்றியும் சரியாகாததற்கும் காரணம் இதுதான். மறிப்பின் கோணங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எண் கொஞ்சம் நல்லபடியாக மாறும், முடிவு மாறாது. ஸ்டெபிலைசர் போட்டாலும் தீராது, அது வோல்ட்டை உயர்த்த லைனிலிருந்து இன்னும் ஆம்ப் இழுக்கும், லைனில் இன்னும் இறங்கும்.

அடுத்து, அந்த 2.59 எங்கே உட்கார்ந்திருக்கிறது? அதே சோதனையை மின்கணக்கியின் வெளிவரும் டெர்மினலில் செய்யுங்கள், ராடு பழைய பிளக்கிலேயே இருக்கட்டும். 234 அங்கே 226 ஆகிறது என்றால், 8 வோல்ட் வெளியே தெருவில், 8 வோல்ட் வீட்டுக்குள். தெருவில் இருப்பதை லைன்மேனிடம் எண்ணோடு சொல்லலாம், “வோல்டேஜ் கம்மிங்க” என்று சொல்வதற்கும் “ஆறு ஆம்புக்கு எட்டு வோல்ட் இறங்குதுங்க” என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வீட்டுக்குள் உள்ள 8 வோல்ட் நம் பொறுப்பு. மீட்டரிலிருந்து பிளக் வரை 30 மீட்டர், 2.5 ஸ்கொயர் செம்பு ஒயர். இதன் தடை கிலோமீட்டருக்கு 7.41 ஓம். போக வர 60 மீட்டருக்கு 0.44 ஓம், 6.18 ஆம்புக்கு 2.7 வோல்ட். கணக்கில் வராமல் 5.3 வோல்ட் மிச்சம் நிற்கிறது. ஒயர் சாப்பிட வேண்டியதைவிட இரண்டு மடங்கை ஏதோ ஒரு ஜாயின்ட் சாப்பிடுகிறது.

5.3-ஐ 6.18-ஆல் பெருக்கினால் 32 வாட்டுக்கு மேல். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிடப் பெரியது ஒன்று ஃப்யூஸ் கட்டைக்குள்ளேயோ சுவிட்சுக்குப் பின்னாலேயோ ராடு போடும்போதெல்லாம் எரிகிறது. ஜாயின்ட் ஆம்பின் வர்க்கத்துக்குச் சூடாகும், சூட்டில் செம்பு கறுத்துத் தடை ஏறும், ஏறிய தடை இன்னும் சூடாக்கும். எம்சிபி இதைப் பிடிக்காது, ஆம்ப் கூடவே இல்லையே. அளந்து கண்டுபிடிக்க, லோடு ஓடும்போது மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரே ஒயரின் இரண்டு பக்கத்தில், ஜாயின்ட்டுக்கு முன்னும் பின்னும் ஊசியை வையுங்கள். நல்ல ஜாயின்ட்டில் சில மில்லிவோல்ட், கெட்டதில் வோல்ட் கணக்கில். அலுமினியமும் செம்பும் முறுக்கிச் சேர்த்த இடங்கள், நியூட்ரல் லிங்க்கின் தளர்ந்த திருகு, பீங்கான் ஃப்யூஸ் கட்டையின் கவ்வு, இந்த மூன்றிலேயே பெரும்பாலும் சிக்கிவிடும். அலுமினியம் வரும் இடத்தில் பைமெட்டல் லக் போட வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

கேபிள் தேர்வு இதே கணக்கின் மறுபக்கம். சப்மெர்சிபிளுக்கு வரும் தட்டைக் கேபிளில், வளையும் செம்பு இழைக்கு, கிலோமீட்டருக்கு 1.5 ஸ்கொயர் 13.3 ஓம், 2.5 ஸ்கொயர் 7.98, 4 ஸ்கொயர் 4.95, 6 ஸ்கொயர் 3.3. சிங்கிள் பேஸ் 10 ஆம்ப் மோட்டார், 150 மீட்டர் கேபிள் என்றால் போக வர 300 மீட்டர். 2.5-ல் 2.39 ஓம், 24 வோல்ட் இறக்கம், 239 வாட் போர்வெல்லுக்குள் வெறும் சூடாகப் போகும். 4-ல் 15 வோல்ட், 149 வாட். முந்தைய லைன் தடையையும் கூட்டிப் பாருங்கள்: 234-ல் தொடங்கி மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 2.5-ல் 184, 4-ல் 193. மூன்று பேஸில் நீளத்தை இரட்டிப்பாக்கக் கூடாது, ஒரு கோரின் ஓமை ஆம்பாலும் 1.732-ஆலும் பெருக்க வேண்டும்: 200 மீட்டர், 8.5 ஆம்ப், 2.5 ஸ்கொயர் என்றால் 23.5 வோல்ட். 415-ல் அது ஆறு சதவீதத்துக்கும் கீழே. ஆழமான போருக்கு மூன்று பேஸ் ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் விவசாய இணைப்புக்குக் கட்டணம் இல்லை என்பதால் கேபிளில் போகும் 200 வாட்டை யாரும் கண்டுகொள்வதில்லை. கணக்கு பில்லில் வராது, ரீவைண்டிங் கடையில் வரும்.

கடைசியாகக் கொப்பரை உலர்த்தும் ஹீட்டர் பெட்டி. 230 வோல்ட், 1000 வாட் ஃபின் ஹீட்டர் மூன்று, மூன்று பேஸ் லைன். ஒவ்வொன்றும் 52.9 ஓம். ஒரு முனைகளை எல்லாம் நியூட்ரலில் சேர்த்து ஸ்டாரில் கட்டினால் தலைக்கு 230 வோல்ட், மொத்தம் 3 கிலோவாட். தெரியாமல் டெல்டாவில், அதாவது ஒவ்வொன்றையும் இரண்டு பேஸுக்கு நடுவே கட்டினால் தலைக்கு 400 வோல்ட். 400-ன் வர்க்கத்தை 52.9-ஆல் வகுக்க 3025 வாட். ஹீட்டர் ஒவ்வொன்றும் மூன்று மடங்கு எரிந்து சில நிமிஷத்தில் செந்தணலாகி அறுந்துவிடும், கொப்பரை எண்ணெய் சொட்டும் இடத்தில் அது தீயில் முடியும்.

ஸ்டாரில் நியூட்ரல் அறுந்தால்? மூன்று ஹீட்டரும் சமம் என்றால் ஒன்றும் தெரியாது. ஒன்று எரிந்துபோயிருந்தால் மற்ற இரண்டும் 400 வோல்ட்டுக்கு நடுவே தொடராக, 105.8 ஓம், தலைக்கு 756 வாட். பெட்டி மந்தமாகச் சூடாகும், ஆள் காரணம் தெரியாமல் தெர்மோஸ்டாட்டைத் திருகிக்கொண்டிருப்பார். அதே நியூட்ரல் மூன்று பேஸ் வரும் வீட்டில் அறுந்தால் கதை மோசம். ஒரு பேஸில் 35.3 ஓம் ராடு, இன்னொன்றில் 529 ஓம் பல்பு ஓடுகிறது என்று வையுங்கள். நியூட்ரல் இல்லாததால் இரண்டும் 400 வோல்ட்டில் தொடராகிவிடும். ஆம்ப் 0.71. ராடுக்கு 25 வோல்ட், பல்புக்கு 375. அந்தப் பல்பின் இடத்தில் டிவி இருந்தால் அதுவும் இதே வோல்ட்டைத்தான் பார்க்கும். கனத்த லோடு தப்பிக்கும், சின்ன லோடு சாகும். வீட்டில் ஒரு பக்கம் விளக்கு மங்கி மறுபக்கம் விளக்கு பளிச்சென்று எரிந்தால் அளந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், மெயினை இறக்கிவிட்டு நியூட்ரல் லிங்க்கைப் பாருங்கள். நியூட்ரலில் ஃப்யூஸ் கட்டை இருந்தால் அதை எடுத்துவிட்டு நேரடி லிங்க் போடுங்கள்.